மஞ்சக்குப்பம் கிராமர் கிளாஸ்: நோட்ஸ் சுமார், மாடிஃபையர் சார் சூப்பர்

கடலூர் மஞ்சக்குப்பத்துல மாடியில நடக்குற ஒரு இங்கிலீஷ் கிராமர் கிளாஸ், குறையும் சொல்லப்போறதால பேரு வேணாம். எஸ்எஸ்சி, பேங்க் எக்ஸாம்ல எரர் ஸ்பாட்டிங்ல, அதாவது வாக்கியத்துல தப்பு கண்டுபிடிக்கிற கேள்வில, மார்க் போகுதுன்னு சேந்தவங்கதான் முக்காவாசி, நானும் அந்தக் கூட்டம்தான். மத்த பாடமெல்லாம் எந்த கைடுலயும் இருக்குறதுதான், ஆனா மாடிஃபையர், அதாவது இன்னொரு வார்த்தையை விவரிக்கிற வார்த்தை இல்ல தொடர், அதை நடத்துற சார் இருக்காரே, அவருக்காகவே ஃபீஸ் கட்டலாம்.

தமிழ்ல நாம எவ்ளோ நீளமா இருந்தாலும் 'பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிற பையன்'னு முன்னாடியே சொல்லி முடிச்சிடுவோம், இங்கிலீஷ்ல 'டால் பாய்'னு ஒத்த வார்த்தைன்னா முன்னாடி, நீளமாச்சுன்னா 'த பாய் ஸ்டாண்டிங் அட் த பஸ் ஸ்டாண்ட்'னு பின்னாடி போயிடும், அப்டி போறது யாரு பக்கத்துல உக்காருதோ அவங்க தலையிலதான் விழும்னு சொல்லிட்டு போர்டுல எழுதுனாரு, 'ஐ சர்வ்ட் வஞ்சிரம் டு மை அங்கிள் ஃப்ரைட் இன் ஆயில்'. மீனை விட்டுட்டு மாமாவைப் பொரிச்சிட்டியேடான்னாரு பாருங்க, கிளாஸே சிரிச்சுது.

அடுத்தது டேங்ளிங், யாரைச் சொல்லுதோ அந்த ஆளே வாக்கியத்துல இல்லாம தொங்குற மாடிஃபையர். 'சில்வர் பீச்ல நடக்கும்போது செருப்பு அறுந்துபோச்சு', தமிழ்ல இதுல ஒரு தப்பும் இல்ல, நடந்தது யாருன்னு கேக்குறவனுக்கே தெரியும். அதையே 'வாக்கிங் ஆன் சில்வர் பீச், மை ஸ்லிப்பர் ப்ரோக்'னு எழுதுனா கமாவுக்கு அப்புறம் வர்ற சப்ஜெக்ட் ஸ்லிப்பர், அப்ப நடந்ததும் ஸ்லிப்பர்தான். 'வைல் ஐ வாஸ் வாக்கிங்'னு ஆளை உள்ள கொண்டாந்துட்டா சரியாப்போச்சு. 'ஜெனரலி ஸ்பீக்கிங்' மாதிரி சிலதுக்கு இந்த ரூல் பாக்க மாட்டாங்கன்னும் சொன்னாரு, என் கைடுல அது இல்லவே இல்ல. 'ஒன்லி' எங்க வைக்கணும்ங்கிறத மட்டும் ஓட்டமா ஓட்டிட்டாரு, எரர் ஸ்பாட்டிங்ல வர்ற சமாச்சாரம், இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம்.

நோட்ஸ் பத்தி கேக்காதீங்க. மங்குன ஜெராக்ஸ், அதுல 'எல்-ஒய்ல முடிஞ்சா அட்வெர்ப்'னு ஒரே வரி. 'ஃப்ரெண்ட்லி' எல்-ஒய்லதான் முடியுது, ஆனா அட்ஜெக்டிவ், 'ஃபாஸ்ட்'ல எல்-ஒய்யே இல்ல, ரெண்டாவும் வரும். ஆபீஸ்ல சொன்னா அடுத்த பேட்சுக்கு மாத்திடுறோம்ங்கிறாங்க, காசு குடுத்தது நாங்கதானே! ஞாயித்துக்கிழமை கூட்டம் வேற தாங்காது, கடைசி பெஞ்சுக்கு ஃபேன் சத்தம்தான் கேக்கும்.

டெமோ கிளாஸ் கேட்டா உக்கார விடுறாங்க. டென்ஸ் நடக்குற அன்னிக்குப் போயிட்டு முடிவு பண்ணாதீங்க, மாடிஃபையர் என்னிக்குன்னு போன்ல கேட்டுட்டுப் போங்க.