பிசின் கேட்டேன், பிசின்தான் வந்தது

நீர்வண்ணத்தை நானே அரைத்துத் தயாரிப்பவன் நான். வண்ணப்பொடி தாளில் ஒட்டி நிற்க வேலம்பிசின் வேண்டும். இணையத்தில் ‘இயற்கைப் பிசின், ஓவிய வேலைக்கு’ என்று போட்டிருந்த 100 கிராம் பொட்டலத்தை வாங்கினேன். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் தருவேன். அதுவும் சரக்கு சுத்தமாக இருந்ததற்காக.

பார்வைக்குக் குறையில்லை. வெளிர்மஞ்சள் கட்டிகள், மேலே மாவு பூத்தாற்போல் தூசி, உடைத்தால் உள்ளே கண்ணாடி. ஒரு பங்குக்கு இரண்டு பங்கு வெந்நீர் ஊற்றி ராத்திரி மூடி வைத்தேன். விடிந்து பார்த்தால் போட்டது போட்டபடி கிடக்கிறது, கட்டியின் முனைகூட மழுங்கவில்லை. வேலம்பிசினாக இருந்தால் இந்நேரம் தேன்போல இழுபட்டிருக்கும்.

ஒரு துணுக்கைப் பழைய கரண்டியில் வைத்து மெழுகுவத்தியில் காட்டினேன். உருகிக் குமிழ்விட்டு மணக்க மணக்கப் புகைந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, இது டம்மர், குங்கிலியத்தின் இனம். வேலம்பிசின் போன்ற கோந்து இப்படி உருகாது, கருகும். மிச்சத்தைப் பெயின்ட் கரைக்கும் டர்பன்டைனில் போட்டேன், இரண்டு நாளில் லேசான கலங்கலோடு கரைந்தே போனது.

கோந்து சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலி, அதனால் தண்ணீரோடு சேரும். டம்மர் போன்ற ரெசின் டெர்பீன் என்ற எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்களின் வகை, தண்ணீரை அண்டவிடாது. குந்திரிக்கத்தில் இரண்டுமே உண்டு, தண்ணீரில் குழைத்தால் பால்போலக் கலங்கும். பட்டை காயம்பட்டால் மரத்திலிருந்து கசிந்து இறுகுபவை இவை எல்லாம். நாம் எல்லாவற்றையும் பிசின் என்று சொல்லிவிடுகிறோம். ஆலையில் செய்யும் எபாக்சிக்குக்கூட அதே பெயர்தான்!

விற்றவருக்கு எழுதினேன். “பிசின்தானே கேட்டீங்க சார்?” என்று பதில் வந்தது. எரிச்சல் என்னவென்றால், ‘ஓவிய வேலைக்கு’ என்பதும் பொய்யில்லை. டம்மரை டர்பன்டைனில் கரைத்து எண்ணெய் ஓவியத்துக்கு வார்னிஷாகப் பூசுவார்கள். பொட்டலத்தில் மரத்தின் பெயரையோ, எதில் கரையும் என்பதையோ ஒரு வரி அச்சிட்டிருக்கலாம்.

பணம் திரும்பவில்லை. வாங்குகிறவர்கள் ‘தண்ணீரில் கரையுமா?’ என்று முதலில் கேட்டுவிடுங்கள். என்னிடம் இப்போது ஒரு ஜாடி நல்ல வார்னிஷ் இருக்கிறது. எண்ணெய் ஓவியம் நான் வரைவதில்லை.