யமுனைமேல் இரண்டு பாலம்: பழசா, புதுசா?

மயூர் விஹாரிலிருந்து பழைய டில்லிக்குப் போகும்போது, சுற்று வழியானாலும் நான் ஸ்கூட்டரை லோஹா புல் பக்கம்தான் திருப்புவேன். 1866-இல் கட்டிய இரும்புப் பாலம். மேலே ரயில், கீழே சாலை. இரண்டாவது ரயில் தடம் 1913-இல் சேர்ந்தது. கீழ்த்தட்டில் இரும்புப் பின்னலுக்கு நடுவே ரிக்‌ஷாவுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருக்கும்போது தலைக்கு மேல் ரயில் போகும்; ஹெல்மெட்டில் நாலு சொட்டு விழும். என்ன தண்ணீர் என்று ஆராயாமல் இருப்பது நல்லது.

பக்கத்திலேயே எழும்பிய புது ரயில் பாலத்தில் இந்தச் சுவாரசியம் கிடையாது. சலீம்கர் கோட்டையைத் தொடாமல் பாதையை மாற்றவேண்டி வந்ததில் வேலை வருஷக்கணக்காக இழுத்தது.

ஆனால் ரயிலுக்கு எது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் புதுசுதான். யமுனையின் அபாய அளவான 205.33 மீட்டரைப் பழைய பாலத்தில்தான் பார்க்கிறார்கள். 2023 ஜூலையில் 208.66 மீட்டரைத் தொட்டபோது பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். சரி, ரயில் அங்கே போகட்டும். கீழ்த்தட்டை மட்டும் ஸ்கூட்டர்காரர்களுக்கு விட்டுவைத்தால் போதும்.