பார்ப்பது மட்டுமா, ஊசியும் உண்டா?

அம்பாசமுத்திரத்திலிருந்து பெரியப்பாவைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்றபோது, கணையக் கட்டிக்கு எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட் (வாய்வழியே குழாயை இறக்கி உள்ளிருந்தே எடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொன்னார்கள். "ரத்தம் கொட்டுமாமே?" என்று பெரியம்மா கலங்கினார். அதற்குப் பதில், ஊசி உண்டா இல்லையா என்பதில் இருக்கிறது.

குழாயை இறக்கிப் பார்ப்பது மட்டும் என்றால் ரத்தக்கசிவு மிக மிக அரிது. ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளைக்கூடப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியதில்லை.

ஊசியால் திசு எடுப்பது வேறு. அங்கும் ஆயிரத்தில் ஓரிருவருக்கே ரத்தம் கசிகிறது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ரத்தக்குழாய்களைப் பார்த்து, விலக்கியே குத்துகிறார்கள். ஆனால் நீர்க்கட்டிக்குள் கசிந்தால் வெளியே தெரியாது, வயிற்றுவலியாகத்தான் வரும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் குளோபிடோகிரெல் மாத்திரை சாப்பிடுபவர்கள் சில நாள் முன்பே நிறுத்த வேண்டிவரலாம்; ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரலாம். இதய மருத்துவரைக் கேட்காமல் நாமாக நிறுத்திவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம். இதய ரத்தக்குழாயைத் திறந்துவைக்கப் பொருத்திய ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, கசிவைவிடக் கொடியது அது.

புற்றா இல்லையா என்பதைத் திசுதான் உறுதியாகச் சொல்லும். அதனால் பெரியப்பாவை ஊசிக்கே சம்மதிக்கச் சொன்னேன். வீடு திரும்பியபின் மலம் தார்போல் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, தலை சுற்றினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழைக்கும்படி பெரியம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவைத்தேன்.