மூன்று சுழி ‘ண’

டோஹாவில் இருந்து ஜூலையில் ஊருக்கு வந்தால் கச்சான் காற்றிடம் அகப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். இந்த முறை லீவு எடுத்தது கல்யாணத்துக்கும் இல்லை, காணி உறுதி எழுதவும் இல்லை. மகனுக்குப் பள்ளிக்கூடம் பார்க்க வந்தேன். குடும்பத்தை அடுத்த வருஷம் ஊரில் கொண்டுவந்து விடுகிற யோசனை. மகனுக்கு ஒன்பது வயது, அங்கே பிரிட்டிஷ் சிலபஸ். தமிழ் நன்றாகப் பேசுவான். எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிப்பான்.

எங்கள் ஊர் கிண்ணியாவில் நான் படித்த அரசாங்கப் பள்ளிக்கூடம் வீட்டில் இருந்து நடக்கிற தூரம்தான். புத்தகமும் சீருடைத் துணியும் இலவசம். “நீயும் அதிலதானே படிச்ச, இப்ப கெட்டா போய்ட்ட?” என்று உம்மா கேட்டா. நியாயமான கேள்வி. ஆனால் தமிழ் மொழிமூலத்தில் நாலாம் தரத்தில் இவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி இருக்கும். திருகோணமலை டவுனில் ஒரு இஸ்லாமிய இன்டர்நேஷனல் பள்ளிக்கூடம் இருக்கிறது, இலங்கைப் பரீட்சைக்கான லோக்கல் சிலபஸ், பிரிட்டிஷ் பரீட்சைக்கான லண்டன் சிலபஸ் இரண்டும் உண்டு என்று மச்சான் சொன்னார். பெயரை இங்கே எழுதவில்லை.

மூன்று நாள் போன் அடித்தும் ஆள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் போட்டதும் ராத்திரி பத்து மணிக்கு வாய்ஸ் வந்தது: காலை ஒன்பதுக்கு வாங்க. பஸ்ஸில் போனோம். கிண்ணியாப் பாலத்தைத் தாண்ட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. 396 மீட்டர், 2009இல்தான் திறந்தார்கள். நான் ஏ.எல். (உயர்தரம்) படிக்க டவுனுக்குப் போன காலத்தில் ‘பாதை’ என்று நாங்கள் சொல்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும், அதைத் தவறவிட்டால் முதல் பாடமும் போச்சு. இதை மகனிடம் சொன்னேன். அவன் பிரீமா கோதுமை மா ஆலையின் பெரிய கட்டிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதுக்கு வரச் சொன்ன அதிபர் வந்தது பத்தே முக்காலுக்கு. மன்னிப்பும் கேட்டார், பிளேன்டீயும் வந்தது, கோபம் ஆறிவிட்டது.

அதற்குள் மகனுக்குச் சோதனை வைத்தார்கள். ஆங்கிலம் வாசித்தான், கணக்குச் செய்தான். பிறகு ஒரு டீச்சர் ஒற்றைக் கோட்டுத் தாளைக் கொடுத்து, பெயரையும் ஊரையும் தமிழில் எழுதச் சொன்னார். பெயர் சரி. ஊரை ‘கின்னியா’ என்று எழுதினான். டீச்சர் ஏசவில்லை. சிவப்புப் பேனாவால் அந்த ‘ன்’னைத் திருத்தி, பக்கத்தில் பெரிதாக ஒரு ‘ண்’ எழுதிக் காட்டினார். “மகன், நம்மட ஊருக்கு மூணு சுழி.” அந்த ஒரு வரிக்காகவே கட்டணத்தில் பாதி கொடுக்கலாம் போல இருந்தது.

மேல்மாடியில் ஹிப்ழ், அதாவது குர்ஆன் மனனம் செய்கிற பிள்ளைகள் முன்னும் பின்னும் ஆடி ஓதிக்கொண்டிருந்தார்கள். அவர்களின் ஆசிரியரான ஹஸரத் இவனை ஸூரத்துல் முல்க் ஓதச் சொல்லி, நாலாவது ஆயத்தில் நிறுத்தி உச்சரிப்பைத் திருத்தினார். கீழே சயன்ஸ் லாப் பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் காட்டினார், கடைசி வரை அது திறக்கவே இல்லை.

இனி முக்கிய விஷயம். இப்படியான பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் கம்பனிச் சட்டத்தில் பதிவானவை. 1960, 1961 சட்டங்களால் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பிறகு, புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கும் வழி அடைபட்டுப் போனது. அதனால்தான் ‘இன்டர்நேஷனல்’ என்ற பெயர். இங்கே லோக்கல் சிலபஸ் படிக்கிற பிள்ளையும் ஓ.எல். (சாதாரண தர) பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத்தான் தோற்ற வேண்டும்.

நான் லண்டன் சிலபஸ் என்ற முடிவோடுதான் வந்தேன். கேம்பிரிட்ஜ் பரீட்சையில் இஸ்லாமியத் என்று பாடமே இருக்கிறது, டோஹாவில் படித்ததன் தொடர்ச்சியும் விடுபடாது. அதிபர்தான் என்னை யோசிக்க வைத்தார். அந்தப் பரீட்சைக் கட்டணம் பவுண்ஸில். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்கு ஏறியபோது பெற்றோர் பட்ட பாட்டைச் சொன்னார். அதைவிடப் பெரியது கம்பஸ். அரச பல்கலைக்கழகத்துக்கு நம் பிள்ளைகள் போவது உள்ளூர் ஏ.எல். பெறுபேற்றை வைத்துக் கணக்கிடுகிற இஸட் புள்ளியால். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, மிச்ச 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. லண்டன் ஏ.எல். எடுத்தால் இந்தக் கதவு சாத்திவிடும். பிறகு காசு கட்டிப் படிக்கிற கம்பஸ், அல்லது வெளிநாடு. கட்டணம் வாங்கப்போகிற மனுஷனே இதைச் சொன்னது எனக்கு ஆச்சரியம்.

இங்கே எட்டாம் தரம் வரை எல்லோரும் ஒன்றாக ஆங்கில மொழிமூலத்தில் படிக்கிறார்கள், ஒன்பதில்தான் பிரிகிறார்கள். முடிவெடுக்க இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் அனுமதிக் கட்டணத்தைத் திருப்பித் தரமாட்டார்களாம், பிள்ளை ஒரு மாதத்தில் விலகினாலும். அது எனக்குச் சரியாகப் படவில்லை, முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டேன். சிரித்தார். கிண்ணியாவில் இருந்து வேன் வருகிறது, காலை ஆறே காலுக்கு ஏற வேண்டும். மனைவிக்கு அதுதான் கவலை.

படிவத்தை வாங்கி வந்தேன், காசு இன்னும் கட்டவில்லை. பக்கத்து வீட்டு ராத்தா ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். லீவு முடியும்வரை அஸர் தொழுகைக்குப் பிறகு தினமும் அனுப்பச் சொன்னா. சம்பளம் கேட்டதற்கு, டோஹாவில் இருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழம் மிச்சம் இருக்கா என்று கேட்டா.