ஹட்டனில் இரண்டு நாள் அகிம்சைப் பயிற்சி: ஒரு மதிப்புரை

இலங்கை மலையகத்தில் ஹட்டனை அண்டிய தியான இல்லமொன்றில், சில சபைகள் சேர்ந்து கிறிஸ்தவ விசுவாசத்தையும் அகிம்சைப் போராட்டத்தையும் பற்றி நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்கு என் சின்னம்மாவையும் அழைத்துச் சென்றிருந்தேன். அவர் முப்பது வருடமாகத் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். நான் தோட்டப் பாடசாலை ஆசிரியை. தங்குமிடம், சாப்பாடு, கைநூல் எல்லாம் சேர்த்து ஒருவருக்கு 2,000 ரூபாய். கொடுத்த காசுக்கு மேலாகவே கிடைத்தது என்பேன். ஆனால் ஏற்பாட்டாளர்கள் திருத்திக்கொள்ள வேண்டியவையும் உண்டு.

மறு கன்னத்தைக் காட்டு என்ற வசனத்தை, வாயை மூடிக்கொண்டிரு என்ற பொருளிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். முதல் அமர்வில் போதகர் மத்தேயு 5:39ஐ எடுத்து, அங்கே 'வலது கன்னத்தில்' என்று இருப்பதைக் கவனிக்கச் சொன்னார். எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் வலக்கையால் அறைவதென்றால் புறங்கையால்தான் முடியும். அது எஜமான் அடிமையை அடிக்கும் அடி. மறு கன்னத்தைத் திருப்புகிறவர் அந்த அவமதிப்புக்கு இனி இடங்கொடுக்க மறுக்கிறார் என்பது வேத அறிஞர் சிலர் தரும் விளக்கம். இருவரை நிறுத்தி அதைச் செய்து காட்டியபோது, சின்னம்மா வெகுநேரம் தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி முறை அமெரிக்கக் கறுப்பின உரிமைப் போராளி ஜேம்ஸ் லோசனைப் பின்பற்றியது. மெதடிஸ்தரான அவர் 1950களில் நாக்பூரில் தங்கி காந்தியின் வழியைக் கற்றவர். ஊர் திரும்பியபின், அமெரிக்க நகரமான நாஷ்விலில் மாணவர்களைத் தேவாலயமொன்றின் நிலவறையில் கூட்டி, ஏச்சையும் தள்ளுமுள்ளையும் நடித்துப் பார்த்துத் தாங்கப் பழக்கினார். அம்மாணவர்களே 1960 பெப்ரவரியில் வெள்ளையருக்கு மட்டுமான உணவுக் கூடங்களில் போய் அமர்ந்தார்கள்.

எங்களுக்கு மேசையொன்றைப் போட்டு அதைக் கொழுந்து நிறுக்கும் மடுவமாக்கினார்கள். கணக்கப்பிள்ளையாக நடித்த இளைஞர், பைக்கும் ஈரத்துக்குமென்று நாலு கிலோவைக் கழித்து, "அரைப்பேர்தான்" என்றார், அதாவது அரைநாள் கூலிதான். முதல் தடவை சின்னம்மாவின் குரல் உயர்ந்தது. இரண்டாம் தடவை அழுதுவிட்டார். மூன்றாம் தடவை, பின்னால் நான்கு பெண்கள் தம் கொழுந்தை இறக்காமல் வரிசையில் நிற்க, "ஐயா, தராசு முள்ள நாங்களும் பாக்கணும். எவ்வளவு கழிச்சீங்கன்னு துண்டுல எழுதிக் குடுங்க" என்றார். அவர் நகரவில்லை, ஏசவும் இல்லை. நடிப்பென்று தெரிந்தும் அந்த இளைஞர் தலைகுனிந்தார். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே பயிற்சிக்குப் போகலாம்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரப் போராட்டம் பற்றிய அமர்வும் எங்களுக்கு நெருக்கமாக இருந்தது. 1968 பெப்ரவரியில் குப்பை லொறியின் இயந்திரத்துக்குள் நசுங்கி இரண்டு தொழிலாளர்கள் இறந்தபின் சுமார் 1,300 துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 'நான் ஒரு மனிதன்' என்ற அட்டைகளைக் கழுத்தில் மாட்டி ஊர்வலம் போனார்கள். அவர்களுக்குத் துணைநிற்க வந்த இடத்தில்தான் மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரல் 4இல் சுட்டுக் கொல்லப்பட்டார். சம்பளத்தோடு மரியாதையையும் கேட்ட போராட்டம் என்பதை எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

குறை இங்கேதான். மெம்பிஸுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியவர்கள் மலையகத்துக்குப் பத்து நிமிடமே கொடுத்தார்கள். 1940இல் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் இறந்த கோவிந்தன், 1948இல் எங்கள் மக்களிடமிருந்து பறிபோன பிரஜாவுரிமை, அதற்கெதிராக 1952இல் நடந்த சத்தியாக்கிரகம், 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபவனி ஆகியவற்றைத் தலைப்புகளாக வாசித்து முடித்தார்கள். நம் பாட்டன் பாட்டி எங்கே எப்படி உட்கார்ந்து போராடினார்கள் என்று தெரியாமல் நாஷ்வில்லை மட்டும் அறிவது போதாது. கைநூலின் தமிழும் கடினமானது. சின்னம்மாவுக்கு நான் இரவில் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது நாள். பயிற்சி சனிக்கிழமை காலையிலேயே தொடங்கியதால் சின்னம்மா ஒரு பேரை, அதாவது ஒருநாள் கூலியை, இழந்தார். முப்பது பேரில் கொழுந்து பறிப்பவர்கள் ஆறு பேர்தான் இருந்ததற்கு இதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கூலி கேட்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கு வர ஒருவர் கூலியை இழக்கக் கூடாது.

சாப்பாடு நன்றாக இருந்தது. இரவில் குளிர் கடுமை, கம்பளி கொண்டு போங்கள். அடுத்த முறை ஞாயிறு ஆராதனைக்குப்பின் தொடங்கினால், சின்னம்மாவோடு மடுவத்தில் நிற்கும் இன்னும் நான்கு பெண்களை அழைத்து வருவேன் என்று ஏற்பாட்டாளர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.