பூனைக்கான பிராண்டும் தூண்: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின்

கற்றாழை நார்க் கயிறு சுற்றிய, மூன்றடி உயரமுள்ள இந்தத் தூணை, எங்கள் நாட்டுப் பூனை சோபாவின் கைப்பிடியை நார்நாராகக் கிழித்த பிறகே வாங்கினோம். பூனை குறும்புக்காகப் பிராண்டுவதில்லை; நகத்தின் பழைய மேலுறையை உதிர்க்கவும், உடலை நீட்டி முறிக்கவும், பாதத்துச் சுரப்பிகளின் வாசனையால் தன் இடத்தைக் குறித்துவைக்கவும் அதற்குப் பிராண்டல் தேவைப்படுகிறது. ஆகவே, இத்தகைய தூணுக்குப் போதிய உயரமும் அசையாத அடிப்பாகமும் இன்றியமையாதவை.

உயரத்தில் குறையில்லை. பின்னங்கால்களில் நின்று முழுதாக நீண்டு பிராண்டுகிறது. அடியில் பிறை வடிவ நகவுறைகள் உதிர்ந்து கிடக்கின்றன. அடிப்பலகைதான் கனம் போதவில்லை. முதல் நாளே தூண் ஆடியதில் மிரண்ட பூனை, ஒரு வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. பலகைமேல் இரண்டு செங்கற்களை வைத்துக் கட்டி, அது தூங்கி எழும் சோபாவை ஒட்டி நிறுத்திய பிறகே நெருங்கியது.

என் தங்கை வளர்க்கும் சாதுவான பெர்சியன் பூனையோ இதைச் சீண்டவேயில்லை. அதற்குத் தரையில் கிடத்தும் அட்டைப் பலகைதான் பிடித்திருக்கிறது. தூணுக்கு 1,400 ரூபாய் விலை வைத்த தயாரிப்பாளர்கள் அடிப்பலகையை இன்னும் கனமாகச் செய்திருக்க வேண்டும். கயிறு மட்டும் இன்றுவரை பிரியவில்லை.