கணுக்கால் பிசகு ஆறினப்புறம் ஓட்டம்: ட்ரெட்மில்லா, கிரவுண்டா, ரோடா?

கணுக்காலோட வெளிப்பக்க லிகமென்ட் (எலும்புகளை இணைக்கிற நார்) கிழிஞ்சு, வீக்கம் வத்தி, பிசியோ "இனி மெதுவா ஓடலாம்"னு சொன்னதும் அடுத்த கேள்வி எங்க ஓடுறதுங்கறதுதான். நான் போனது எங்க ஏரியா ஸ்கூல் கிரவுண்டுக்கு, அதனால இதுல அந்தப் பக்கம் சாய்வு இருக்கும், இப்பவே சொல்லிடுறேன்.

எங்க ஓடினாலும் அதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வேகமா நடந்தா வலிக்கக் கூடாது, ஒத்தக் கால்ல நின்னு குதிகாலைத் தூக்கி இறக்குறது ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா வரணும், அடிபட்ட கால்ல சின்னதா குதிச்சா தயங்காம தரையில இறங்கணும். இது வரலைன்னா இன்னும் கொஞ்ச நாள் நடங்க, போதும்.

பெசன்ட் நகர் பீச் மணல் மெத்து மெத்துன்னு இருக்கு காலுக்கு நல்லதுதானேன்னு நிறைய பேர் சொல்வாங்க. முட்டிக்கு எப்படியோ, கணுக்காலுக்கு வேண்டவே வேண்டாம். காய்ஞ்ச மணல்ல ஒவ்வொரு அடிக்கும் கால் வேற வேற கோணத்துல புதையும், தண்ணி ஓரம் கெட்டியா இருந்தாலும் கடல் பக்கம் சரிவு.

ரோட்லயும் மழைத்தண்ணி வடியறதுக்காக ஓரம் சரிவாத்தான் போட்டிருப்பாங்க, ஒரே ஓரமா ஓடினா ஒரு கால் எப்பவும் பள்ளத்துல. ஸ்பீட் பிரேக்கர், மேன்ஹோல் மூடி, நாய் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

ட்ரெட்மில் சமதளம், வேகத்தை நம்பர்ல வச்சுக்கலாம், மழைக்காலத்துல வேற வழியும் இல்ல. முதல் ரெண்டு வாரத்துக்கு ஓகேன்னுதான் தோணுது, ஆனா நான் அதுல அதிகம் ஓடினதில்ல, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடிக்காதது ரெண்டு. கால் முனகினா கிரவுண்டுல உடம்பு தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும், இங்க பெல்ட் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், நாமதான் பட்டனைத் தேடணும். ரெண்டாவது, கிழிஞ்ச லிகமென்ட் ஆறினாலும் பேலன்ஸ் உணர்வு மந்தமாத்தான் இருக்கும், மறுபடி பிசகுறதுக்கு அது ஒரு பெரிய காரணம், ஒரே மாதிரி பெல்ட்ல ஓடினா அது பெருசா தேறாது. (பல் தேய்க்கும்போது ஒத்தக் கால்ல நிக்கறது இதுக்குத்தான், எங்க ஓடினாலும் அதை விடாதீங்க.)

கிரவுண்டை நான் எடுத்ததுக்கு முக்கியக் காரணம் நிறுத்துற வசதி. 400 மீட்டர் ரவுண்டுன்னா நீங்க எங்க நின்னாலும் வச்ச பை 200 மீட்டருக்குள்ளதான் இருக்கும். ரோட்ல ரெண்டு கிலோமீட்டர் போனப்புறம் கால் இழுத்துச்சுன்னா அதே ரெண்டு கிலோமீட்டர் திரும்பி வரணும், கூட ஓடுறவங்க முன்னாடி நிக்கவும் கூச்சமா இருக்கும், சரி வீடு வரைக்கும் ஓடிடலாம்னு மனசு சொல்லும், காயம் கிளறுறது பெரும்பாலும் அங்கதான். கிரவுண்டுல ஒரு நிமிஷம் ஓட்டம் ரெண்டு நிமிஷம் நடைன்னு ஆரம்பிச்சு, ஒருநாள் விட்டு ஒருநாள் போய், பத்துக்கு மூணு மார்க்குக்கு மேல வலிச்சா அந்த இடத்துலயே நடைக்கு மாறிடலாம், யாரும் கேக்க மாட்டாங்க. மறுநாள் காலையில கட்டில்லேர்ந்து இறங்கி வைக்கிற முதல் அடிதான் ரிசல்ட், வீங்கியிருந்தாலோ விறைப்பா இருந்தாலோ அடுத்த தடவை ஓட்டத்தைக் கூட்டாதீங்க, குறைங்க.

கிரவுண்டுலயும் தொல்லை உண்டு, ஸ்டம்ப் நட்ட குழி, வாலிபால் கம்பம் பிடுங்கின பள்ளம், குறுக்க வர்ற ஃபுட்பால் பசங்க. அதனால முதல் ரவுண்டு நடந்தே தரையைப் பார்த்துடுங்க. எப்பவும் இடது கைப்பக்கமே வளைஞ்சு ஓடினா ஒரே காலுக்குப் பாரம், கூட்டம் இல்லாதப்போ பாதியில திசையை மாத்திக்கோங்க. ஆங்கிள் பிரேஸ் (கணுக்காலை இறுக்கிப் பிடிக்கிற உறை) போட்டுக்கிறது மறுபடி பிசகாம இருக்க நிஜமாவே உதவும். முட்டி ஆபரேஷன் பண்ணவங்களுக்குக் கணக்கே வேற, அவங்க டாக்டர் சொல்றபடிதான் போகணும்.

நடை கலக்காம அரை மணி நேரம் ஓடி, மறுநாளும் வீக்கம் இல்லைன்னா ரோட்டுக்குப் போங்க, அதுவும் நல்லா விடிஞ்சப்புறம், தரை கண்ணுக்குத் தெரியணும்.